மண்ணின் ஈரமறியும் கருவிக்கு ஏற்ற ரிலே

கிணற்றுப் பாசனத்தில் வாழை, கரும்பு, மஞ்சள் முதலிய பயிர்களைச் செய்யும் குடியானவர்களுக்கு, நீர் பாய்ச்சவேண்டிய நாளைச் சரியாக அறிவது நீரைத் தேடுவதற்கு அடுத்தபடியான பெருங்காரியமாகும். மேல்மண் உலர்ந்து வெளுத்திருப்பினும் வேரோடும் ஆழத்தில் ஈரம் நின்றிருக்கக்கூடும். மேலே ஈரமாய்த் தோன்றும் நிலத்தில் அடிமண் வறண்டிருத்தலும் உண்டு. மண்வெட்டியால் ஓரடி தோண்டி, மண்ணைக் கையிற் பிடித்து உருட்டிப் பார்ப்பதே பழைய வழி. அது நல்ல வழியே. ஆயினும் மூன்று ஏக்கர் தோட்டத்தில் பல இடங்களில் நாள்தோறும் தோண்டிப் பார்ப்பது எவர்க்கும் எளிதன்று.

1940-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த மிச்சிகனில் பூயுக்கோஸ், மிக் என்னும் இருவர் இதற்கு ஓர் உபாயத்தை வெளியிட்டனர். நிலக்கடலைக்கு இடப்படும் அதே ஜிப்சத்தைச் சிறு கட்டியாக வார்த்து, அதனுள் இரண்டு உலோக முனைகளைப் பதித்து, வேரோடும் ஆழத்திற் புதைப்பதே அவ்வுபாயம். கட்டியானது தன்னைச் சூழ்ந்த மண்ணுக்கேற்ப ஈரத்தை உறிஞ்சியும் வெளிவிட்டும் நிற்கும். ஈரம் மிகுந்திருக்கையில் இரு முனைகளுக்கிடையே மின்சாரம் எளிதிற் செல்லும். ஈரம் குறையுந்தோறும் தடை பெருகும். அத்தடையை ஓம் என்னும் அளவினாற் கணக்கிடுவர். நீர் நிறைந்த மண்ணிற் சில நூறு ஓம் காட்டுகின்ற கட்டி, நன்கு உலர்ந்த மண்ணிற் பல்லாயிரம் ஓம் காட்டும். எஃகு வலைக் கூட்டினுள் மணற்பொருளும் ஜிப்சமும் அடைத்துச் செய்யப்படும் இக்காலத்து உணரிகளும் இதே முறையைப் பின்பற்றியவையே.

இத்தடையை அளக்கும் கருவியைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளே செய்துகொள்ளத்தக்க காலம் இது. 2005-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் மாணவர்களின் பொருட்டு உருவாக்கப்பட்ட ஆர்டுயினோ என்னும் சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகை பெரிய ஊர்க் கடைகளிலெல்லாம் கிடைக்கின்றது. சென்னை ரிச்சி தெருவில் அதனோடு சேர்க்கவேண்டிய உறுப்புகள் யாவற்றையும் ஒரே நடையில் வாங்கலாம். பிள்ளைகள் பொழுதுபோக்காக இணைத்த இத்தகைய கருவி முதல் மாதம் நன்றாகவே உழைக்கும். ஐந்தாறு மாதம் சென்றபின், ஈரமுள்ள நிலத்தை உலர்ந்ததென்று காட்டத் தொடங்குவதுண்டு. கணக்கெழுதிய முறையைப் பலவாறு திருத்தியும் குற்றம் நீங்காது. குற்றம் கணக்கில் இல்லாமல், இடையில் வைத்த ரிலேயில் இருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

ரிலே செய்யும் வேலை

முற்காலத்தில் அஞ்சற் பையைச் சுமந்தோடுபவன் தன் எல்லை வரையில் ஓடி, அங்குக் காத்திருக்கும் மற்றொருவனிடம் அதனை ஒப்புவிப்பான். தந்திக் கம்பியிலும் நெடுந்தூரம் சென்று நலிந்த மின்சாரம் ஒரு காந்தத்தை மட்டும் இயக்க, அக்காந்தம் வேறொரு புதிய மின்சாரத்தைத் திறந்துவிடுமாறு செய்தனர். அக்காந்தமும் விசையும் சேர்ந்ததே ரிலே. அதனுள் செப்புக்கம்பிச் சுருள் ஒன்றும், அச்சுருள் காந்தமாகும்போது இழுபட்டு ஒன்றையொன்று தொடும் தொடுமுனைகளும் உள்ளன. மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தவர்கள் இவ்விரண்டையும் அறிவர்; தொடுமுனைகளைப் 'பாயிண்ட்டு' என்று கம்பி வேலைக்காரர் வழங்குவர்.

ஈரமறியும் கருவியில் ரிலேக்கு என்ன வேலையெனின், ஒரே அளவுகருவியைப் பல கட்டிகளோடு மாறி மாறி இணைப்பதேயாகும். வாழைத் தோட்டமொன்று மூன்று பிரிவாக இருப்பதாகவும், ஒவ்வொரு பிரிவிலும் ஓரடி ஆழத்தில் ஒன்றும் ஈரடி ஆழத்தில் ஒன்றுமாகக் கட்டிகள் புதைக்கப்பட்டிருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆறு கட்டிகளுக்கு ஆறு ரிலேக்கள். ஏழாவது ரிலே ஒன்றை, தடை தெரிந்த ஒரு ரெஸிஸ்டரோடு இணைத்து வைத்தல் நலம். அதன் பயன் பின்னர்க் கூறப்படும்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. கம்பிச் செலவைச் சுருக்குவதற்காக ஆறு கட்டிகளின் ஒருபுறக் கம்பிகளையும் ஒன்றாய் முறுக்கிப் பொதுவாக விட்டு, மறுபுறத்தை மட்டும் ரிலேயினால் மாற்றுபவர் உளர். ஈரமண் தானே மின்சாரத்தைக் கடத்தும். ஒரு கட்டிக்குள் செலுத்திய மின்சாரம் மண்வழியே பரவி, அடுத்த கட்டியின் பொதுக்கம்பி மூலம் திரும்பிவந்து சேரும். அப்பொழுது கருவி காட்டுவது எந்த ஒரு கட்டியின் தடையுமன்று. ஆதலின் கட்டியின் இரு கம்பிகளையும் ஒருங்கே இணைத்து ஒருங்கே விலக்கும் இரட்டைத் துருவ ரிலேயே இவ்வேலைக்கு உரியது. அளக்கப்படாத கட்டிகள் அப்போது முற்றும் தனித்து நிற்கும்.

பெரிய பாயிண்ட்டும் சிறிய மின்சாரமும்

கடைகளில் ரிலே என்று கேட்டவுடன் எடுத்துத் தருவது, பலகையிற் பதித்த நீலநிறச் சதுரப் பெட்டியையே. அதன் முதுகில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று பொறிக்கப்பட்டிருக்கும். விலையும் சொற்பம். பத்து ஆம்பியரைத் தாங்குவது சிறு மின்சாரத்தை எளிதிற் கடத்துமன்றோ என்று எண்ணுவது இயல்பே, அவ்வெண்ணமே தவறு.

பெரிய மின்சாரத்துக்குரிய ரிலேயின் தொடுமுனைகள் வெள்ளியோடு நிக்கலோ வெள்ளீய ஆக்ஸைடோ கலந்து செய்யப்படுவன. வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுத்துப்போவதைக் காணாத வீடில்லை. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைப் பற்றி மேலே ஒரு கருந்தோலை உண்டாக்குவதே அக்கறுப்பு. ரிலேயின் வெள்ளி முனைகளிலும் இவ்வாறே தோல் படரும். மோட்டார் ஸ்டார்ட்டரில் இதனால் தொல்லை விளைவதில்லை. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அங்குப் பொறி பறந்து தோலை எரித்துவிடுகின்றது. சிறு மின்சாரத்தில் பொறியும் இல்லை, எரிப்பும் இல்லை. தோல் அப்படியே நின்று தடையாகின்றது.

ஆகையால் ரிலே தாங்கக்கூடிய மேல் அளவைப் போலவே, அது செவ்வையாக உழைப்பதற்கு வேண்டிய குறைந்த அளவும் ஒன்று உண்டு. மேல் அளவைப் பெட்டியின் முதுகிற் பெரிதாய்ப் பொறிக்கின்றனர். குறைந்த அளவை விவரத்தாளின் கீழ்ப்பகுதியிற் சிற்றெழுத்தில் தேடவேண்டியிருக்கின்றது. பளு ரிலே ஒன்றிற்கு 5 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் என்பது வழக்கமாகக் காணும் அளவு. மில்லி ஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கட்டியின் வழியே ஓடும் மின்சாரம் எவ்வளவென்று பார்க்கலாம். 10,000 ஓம் ரெஸிஸ்டரும் 1,100 ஓம் காட்டும் கட்டியும் அடுத்தடுத்து இணைந்து, 5 வோல்ட் செலுத்தப்படுமாயின் 0.45 மில்லி ஆம்பியர் ஓடும். ரிலே கேட்பதில் இருநூறில் ஒரு பங்கும் இல்லை. மண் உலர உலர இது மேலும் குறையும்.

இனி, தொடுமுனைத் தோலினால் 5,000 ஓம் கூடிற்றென்று கொண்டால் கருவி 6,100 ஓம் என்று படிக்கும். எஃகு வலைக் கூட்டு உணரிகளுக்கு வழங்கும் அட்டவணையின்படி 1,100 ஓம் என்பது ஏறக்குறைய 10 சென்டிபார். 6,000 ஓம் என்பது ஏறக்குறைய 35 சென்டிபார். சென்டிபார் என்பது மண்ணிலிருந்து நீரை இழுக்க வேர் செலவிடவேண்டிய விசையின் அளவு. 10 முதல் 30 வரையில் போதிய ஈரம் உண்டென்றும், மிகுந்த களிப்பற்றுள்ள மண் நீங்கலாக ஏனையவற்றில் 30 முதல் 60 வரையில் நீர் பாய்ச்சும் தருணம் என்றும் கொள்வர். எனவே நீர் ததும்பும் நிலத்திற்கு உடனே நீர் பாய்ச்சுக என்று கருவி கூறும். அதனை நம்பி மோட்டாரை ஓட்டினால் கிணறும் குறையும், வாழை வேரும் அழுகும், உரமும் அடிமண்ணுக்கு இறங்கிப் பாழாகும்.

இக்குற்றம் எப்பொழுதும் நிலையாக நில்லாதது மற்றொரு தீமை. முனைகள் தொடும் இடம் ஒவ்வொரு முறையும் அணுவளவு மாறுவதால், இன்று தோலின்மேலும் நாளை தோலற்ற இடத்திலும் தொடும். சோதிக்கும் நாளில் எல்லாம் சரியாக இருக்கும். புதிய ரிலேயில் தோல் இல்லாமையால், மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது எந்த ரிலேயும் நன்றாகவே தோன்றும். பம்பு செட் கொட்டகையில் கருவியை மாட்டுபவர் அருகிலுள்ளவற்றையும் நோக்கவேண்டும். சாண எரிவாயுக் கலமும், மட்கு குழியும், மூலையிற் கட்டி வைத்த கந்தகத் தூள் மூட்டையும் வெள்ளியை விரைவிற் கறுக்கச் செய்வன. இவை மூன்றும் ஒரே இடத்திற் சேர்ந்திருக்கும் கொட்டகைகள் சிலவல்ல.

பொன் பூசிய முனைகள்

வெள்ளியைக் கறுக்கச் செய்யும் காற்று பொன்னை ஒன்றும் செய்வதில்லை. இதனாலேயே தொலைபேசி நிலையங்களிலும் அளவுகருவிகளிலும் வழங்குவதற்கென, வெள்ளி முனைமேற் பொன் வேய்ந்த சிறு ரிலேக்கள் செய்யப்படுகின்றன. இவற்றிற்கு ஸிக்னல் ரிலே என்று பெயர். இவற்றில் பல ரிலேக்களின் முனை இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு கிளையில் தூசு அகப்பட்டாலும் மறு கிளை தொட்டு நிற்கும். விவரத்தாளில் இவற்றின் குறைந்த அளவு 10 மில்லி வோல்ட்டில் 10 மைக்ரோ ஆம்பியர் என்று காணப்படும். அதாவது ஒரு மில்லி ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு. கட்டியின் 0.45 மில்லி ஆம்பியர் இதற்குத் தாராளமாய்ப் போதும். இரட்டைத் துருவமும் இவ்வகையிற் சாதாரணமாகவே உள்ளது.

பொன் பூச்சு மிகவும் மெல்லியது. விளக்கையோ சிறு மோட்டாரையோ ஒரு தடவை இணைத்து 'வேலை செய்கின்றதா' என்று பார்த்தாலும், பொறி பட்டுப் பொன் சிதறிப்போம். அதன்பின் அந்த ரிலே வெறும் வெள்ளி ரிலேயே. பழைய கருவியிலிருந்து கழற்றியதை வாங்குவதும், உப்புத்தாள் கொண்டு முனையைத் தேய்ப்பதும் இதே காரணத்தால் தகாதவை. ஸ்டார்ட்டர் பாயிண்ட்டுக்குப் பழகிய கை இதில் தன்னைத் தடுத்துக்கொள்ளவேண்டும்.

ஸிக்னல் ரிலேயை 230 வோல்ட் வீட்டு மின்சாரத்திலோ மோட்டார்க் கம்பியிலோ இணைத்தல் ஆகாது. மோட்டாரை இயக்குவது ஸ்டார்ட்டரின் வேலை. அவ்விணைப்பு உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. அளவுகருவியும் மோட்டார்க் கம்பியும் ஒரே பெட்டிக்குள் அடங்குவதைத் தவிர்த்தல் பிள்ளைகளின் உயிருக்குப் பாதுகாப்பாகும்.

சுருளுக்கு மின்சாரம் தருதல்

ஸிக்னல் ரிலேயின் சுருளும் சிறியதே. 140 மில்லிவாட் என்று குறித்த 5 வோல்ட் ரிலேயின் சுருள் 178 ஓம் தடையுடையது. 28 மில்லி ஆம்பியர் இழுக்கும். நீலப் பெட்டியின் சுருளோ 70 ஓம் அளவில் இருந்து, 70 மில்லி ஆம்பியருக்குமேல் இழுக்கும். ஆர்டுயினோ ஊனோ பலகையின் ஒரு காலிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரையில் எடுக்கலாம். 40 என்பது மீறினாற் கெடும் எல்லை. எனவே 28 மில்லி ஆம்பியரைக் காலிலிருந்து நேரே எடுப்பது, உடனே கெடுதி செய்யாவிடினும், முறையன்று. ஒரு டிரான்ஸிஸ்டரை இடையில் வைத்து, அதன் அடிமுனைக்கு 1,000 ஓம் ரெஸிஸ்டர் மூலம் கட்டளை தரவேண்டும். சுருளின் குறுக்கே ஒரு டையோடு, அதன் கோடிட்ட முனை நேர்மின் பக்கம் நோக்க, கட்டாயம் இருக்கவேண்டும். சுருளுக்கு மின்சாரம் நிற்கும் கணத்தில் அது எதிர்த்துக் கிளப்பும் உயர்ந்த வோல்ட், டையோடு இல்லையாயின் டிரான்ஸிஸ்டரைக் கொன்றுவிடும்.

ஏழு ரிலே என்றவுடன், ஏழு கிளைகளும் டையோடுகளும் தன்னுள் அடங்கிய யு.எல்.என்.2003 என்னும் சில்லைப் பலர் நாடுவர். வேலை சுருங்குமென்பது மெய்யே. ஆனால் அச்சில்லு தனக்கென ஏறக்குறைய ஒரு வோல்ட்டை எடுத்துக்கொள்வதால், 5 வோல்ட்டில் 4 வோல்ட் சற்றேறக்குறையவே சுருளுக்குச் சேரும். ரிலே இழுபடுவதற்கு 3.75 வோல்ட் போதுமென்று விவரத்தாள் கூறும்; அது 20 பாகை வெப்பத்திற் கண்ட கணக்கு. செம்பின் தடை ஒரு பாகைக்கு நூற்றில் 0.39 பங்கு வீதம் ஏறும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் மாட்டிய பெட்டி 50 பாகையை எட்டினால், தடை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூடி, இழுபட வேண்டிய வோல்ட் 4.2 ஆகும். கிடைப்பது 4. ரிலே அசையாது, கருவி அளவற்ற தடையைக் கண்டு நிலம் பாலையாயிற்றென்று கூறும். மாலையிற் குளிர்ந்தபின் எல்லாம் முன்போலாகும். மார்கழியில் செய்து முடித்த கருவி பங்குனியில் ஏமாற்றுவதற்கு இது ஒரு காரணம். தனித்தனி டிரான்ஸிஸ்டர் வைத்தால் நட்டம் 0.2 வோல்ட் அளவே. அல்லது 4.5 வோல்ட்டுக்குரிய சுருளைத் தெரிந்துகொள்ளலாம். பெட்டியை நிழலில் மாட்டுவது எவ்வழியினும் நன்று.

நிலைத்துநிற்கும் ரிலே என்று மற்றொரு வகை உண்டு. ஒரு கண மின்சாரத்தினால் மாறி, மின்சாரம் நின்றபின்னும் அந்நிலையிலேயே இருப்பது. மின்கலத்தில் ஓடும் கருவிக்கு இது சிக்கனமென்பர். மணிக்கொருமுறை அரை வினாடி மட்டும் மூடும் ஏழு ரிலேக்கள் செலவிடும் மின்சாரம் மிகவும் அற்பமாகையால், இச்சிக்கனம் இங்குப் பொருட்டன்று. இடையில் மின்சாரம் அற்றுத் திரும்பினால் எந்த ரிலே மூடியிருக்கிறது என்பது கருவிக்கே தெரியாமற் போவதால், சாதாரண ரிலேயே மேல்.

மற்ற விசைகள்

மண்ணெடுத்த கலம்போல் கண்ணாடிக் குழலுக்குள் முனைகளை அடைத்துக் காற்று புகாமற் செய்த ரீட் ரிலே மிக நல்ல பொருள். 5 வோல்ட்டில் 500 ஓம் சுருளுடைய ஒன்று 10 மில்லி ஆம்பியரே இழுக்கும். டையோடு மட்டும் வைத்து ஊனோ பலகையின் காலிலிருந்தே இயக்கலாம். பெரும்பாலும் ஒற்றைத் துருவமாயிருப்பதால் கட்டிக்கு இரண்டு வேண்டும் என்பதும், காலை வளைக்கும்போது கண்ணாடி விரிசல் விடுவதும் குறைகள்.

அசையும் உறுப்பற்ற 4066 என்னும் மின்னணு விசை மலிவானது. 5 வோல்ட்டில் அதன் தடையே பல நூறு ஓம். ஈரக் கட்டியின் தடைக்கு அது சமமாய் நிற்கின்றது. அன்றியும் வயலிலிருந்து வரும் கம்பியை அது மெய்யாகத் துண்டிப்பதில்லை. மாறுமின்சாரப் பளுவுக்கென விற்கும் திண்மநிலை ரிலேயோ இவ்வேலைக்கு முற்றும் பயனற்றது. இச்சிறு மின்சாரத்தில் அது திறக்கவே திறவாது.

பொருத்தியபின்

கட்டியில் ஒரே திசையில் மின்சாரத்தை நெடுநேரம் விட்டால் முனைகள் அரிக்கப்படும். ஆகவே மைக்ரோகண்ட்ரோலரின் இரண்டு கால்களை மாற்றி மாற்றி இயக்கி, இரு திசையிலும் சிறு பொழுது செலுத்தி, இரண்டின் சராசரியைக் கொள்ளவேண்டும். ரிலே இரு திசையையும் ஒன்றுபோற் கடத்துவதால் இதற்குத் தடையில்லை. முனைகள் மூடும்போது சில மில்லி வினாடிகள் குதித்து அதிரும்; மூடச் சொன்ன பின் 20 மில்லி வினாடி கழித்தே அளக்கவேண்டும். ஒரு ரிலேயைத் திறந்து அதே அளவு பொறுத்து அடுத்ததை மூடுக. இரண்டும் ஒருங்கே மூடியிருக்க நேர்ந்தால் இரு கட்டிகளும் சேர்ந்து குறைந்த தடையைக் காட்டி, உலர்ந்த நிலத்தை ஈரமென்று சொல்லும்.

ஏழாவது ரிலேயில் 4,700 ஓம் ரெஸிஸ்டர் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே இணைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதனையும் படிக்கச் செய்தல் வேண்டும். அவ்வெண் நூற்றுக்கு இரண்டு பங்குக்குமேல் மாறுமாயின் அன்றைய கணக்கு முழுவதையும் தள்ளிவிடலாம். ஆயினும் இச்சோதனை தன் ரிலேயையும் அளவுகருவியையும் மட்டுமே காட்டும். மற்ற ஆறு ரிலேக்களைக் காட்டாது. ஆதலின் போகத்திற்கு ஒருமுறை, கட்டியின் கம்பிகளை முனைப்பலகையிலிருந்து கழற்றி, அதே 4,700 ஓம் அளவுள்ள ரெஸிஸ்டரை ஒவ்வோர் இடத்திலும் வைத்து இருபது முறை தொடர்ந்து படிக்கவேண்டும். இருபதும் ஒன்றுபோல் வந்தால் ரிலே நன்று. ஒன்றிரண்டு மட்டும் உயர்ந்து வருமாயின் அந்த ரிலேயை உடனே மாற்றிவிடுக. மாற்றும்வரை அப்பிரிவில் மண்வெட்டியால் ஓரடி தோண்டிப் பார்த்தே நீர் பாய்ச்சவேண்டும்.